மலையில் பங்குனி வலசை, கோடியக்கரையில் வளையமிடல்: முகாமுக்குப் போகுமுன் சில கேள்விகள்

சாம்பல்வாலாட்டி, கோத்தகிரி

வணக்கம். பங்குனி நடுவில் கோடியக்கரையில் பறவைகளின் காலில் எண் வளையம் மாட்டும் (வளையமிடும்) முகாம் ஒன்றுக்கு எங்கள் குழுவிலிருந்து இருவர் உதவிக்குப் போகிறோம். பைனாகுலரில் பார்த்துப் பட்டியல் போடுவது பழக்கம்தான். வலை, இடுக்கி, தராசு எதையும் தொட்டதில்லை.

கொழுப்புக்கு 0 முதல் 8 வரை மதிப்பெண் போடுவார்கள் என்கிறார்கள். ஏழெட்டு கிராம் குருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே பார்ப்பது? பழகாத இருவர் போட்டால் ஒரே எண் வருமா?

இங்கே தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மாசி முழுக்கக் கதிர்குருவிகள் (குளிர்காலத்துக்கு வரும் சிறு வலசைக் குருவிகள்) நிறைந்திருக்கும். சித்திரை பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் ஒன்றும் இருக்காது. இவை கோடியக்கரை வழியாகப் போகின்றனவா? அங்கே எடுக்கும் எடையை வைத்து இங்குள்ளவை எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியுமா?

கடைசியாக, திரும்பி வந்ததும் லாங்வுட் சோலை ஓரத்தில் இரண்டு மிஸ்ட் நெட் (பறவை பிடிக்கும் மெல்லிய நூல் வலை) கட்டி ஏப்ரல் வரை இதையே செய்யலாமா? வலை இணையத்தில் கிடைக்கிறது, விலையும் பெரிதாக இல்லை.


சோலையோரம், கொடைக்கானல்

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், வம்பு அதில்தான் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் பொறி வைப்பதும் அடக்கம். பிடித்து உடனே விட்டாலும் பிடித்ததுதான். ஆராய்ச்சிக்கு என்றால் பிரிவு 12-இன்கீழ் தலைமை வனஉயிரினக் காப்பாளர் காரணத்தை எழுதி அனுமதி தர வேண்டும். முதல் அட்டவணையில் உள்ள இனத்துக்கு மத்திய அரசின் முன் ஒப்புதலும் வேண்டும். நீங்கள் கதிர்குருவிக்குத்தான் வலை கட்டுவீர்கள், ஆனால் வலைக்கு அட்டவணை தெரியாது. சோலை ஓரத்தில் கட்டினால் நீலகிரிக்கே உரிய பறவைகளும் வந்து விழும். வளையமும் கடையில் வாங்கும் பொருள் அல்ல. பிஎன்ஹெச்எஸ் (பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கம்) எண் போட்டுக் கொடுப்பது, எண்ணுக்கு எண் கணக்கு ஒப்படைக்க வேண்டியது. ஆகவே இந்த வருடம் வேண்டாம்.

அனுமதி இருந்தாலும் மார்ச், ஏப்ரலில் மலையில் வலை கட்ட நான் யோசிப்பேன். வலசைப் பறவை கிளம்பும் அதே வாரங்களில் உள்ளூர்ப் பறவை கூடு கட்டி முட்டையிட்டிருக்கும். வயிற்றில் இறகு உதிர்ந்து, தோல் சிவந்து தடித்து, கொஞ்சம் நீர் கோத்த மாதிரி இருந்தால் அது அடைகாக்கும் பறவை. அதை அளவெடுக்கக் கொண்டு போகவே கூடாது, வலையடியிலேயே விட்டுவிட வேண்டும். முட்டை உள்ளே இருக்கும் பெண்பறவையின் வயிற்றை அழுத்தினால் முட்டை உடைந்து அதுவே செத்துப்போகும். கரையோர முகாமில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அங்கே கையில் வரும் உள்ளான் முதலிய கரைப்பறவைகளில் பெரும்பாலானவை நம் பக்கம் கூடு வைப்பதில்லை.

அடுத்தது பனிமூட்டம். மிஸ்ட் நெட் என்று பெயர் இருப்பதால் மூடுபனியில் விரிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. வலையின் நூலில் நீர்முத்து கோத்துவிட்டால் வலை கண்ணுக்குத் தெரியும், கனத்துத் தொங்கும், விழுந்த பறவை நனையும். ஏழு கிராம் உடம்பு 2,000 மீட்டர் உயரத்துக் காலைக் குளிரில் நனைந்தால் இருபது நிமிடம் தாங்காது. எளிய சோதனை: வலையில் குறுக்கே ஓடும் அடுக்குக் கயிற்றை விரலால் வழித்துப் பாருங்கள், விரல் நனைந்தால் வலையைச் சுருட்டுங்கள். நனைந்த பறவை கையில் இருந்தால் அளவு, எடை எல்லாம் மறந்துவிட்டு, உலர்ந்த துணிப்பையில் போட்டுச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, இறகு உலர்ந்து துள்ள ஆரம்பித்த பிறகே விட வேண்டும்.

மூன்றாவது, வெள்ளைக்கண்ணி என்ற சிறு பறவை. முப்பது நாற்பது சேர்ந்து ஒரே மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பாயும். அந்தப் பாய்ச்சலில் உங்கள் வலை குறுக்கே இருந்தால் ஒரே நொடியில் இருபது பறவை. தேர்ந்த கை ஒரு பறவையை எடுக்க ஒரு நிமிடம், பழகாத கை ஐந்து நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கடைசிப் பறவை எவ்வளவு நேரம் தொங்கும் என்று. செம்மீசைச் சின்னான் வேறு விதத் தொல்லை: நாக்கின் பின்முள் நூலில் மாட்டிக்கொள்ளும். வாயைப் பார்க்காமல் இழுத்தால் நாக்கு கிழியும். பல்குச்சி முனையால் நூலை நாக்கின் பின்பக்கமிருந்து முன்னால் தள்ளி எடுக்க வேண்டும்.

காட்டெருமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கோத்தகிரிக்காரருக்குத் தெரியும். இரவு சுருட்டிக் கட்டிவைத்த வலையும் விடிகாலையில் அதன் கொம்போடு போய்விடும். இங்கே பாம்பே சோலைப் பக்கமும் அதே கதைதான்.

இணையத்தில் மலிவாக வரும் வலை பழத்தோட்டத்துக்கு விற்பது. நூல் தடிமன், அடுக்குக் கயிறு கிடையாது, பறவையை அறுக்கும். வளையமிட வாங்குவது 12 மீட்டர் நீளம், சுமார் இரண்டரை மீட்டர் உயரம், நாலு அடுக்கு, கறுப்பு நூல். சின்னப் பறவைக்கு வலைக்கண் (நூல்களுக்கு நடுவே உள்ள ஓட்டை) 16 மில்லிமீட்டர். இது முடிச்சுக்கு முடிச்சு அளவு. மீன்வலைக் கடைக்காரர் கண்ணை நீட்டிப் பிடித்து அளப்பார், அவர் கணக்கில் அதே வலை 32. இந்தக் குழப்பத்தில் தப்பான கண் வாங்கியவர்கள் உண்டு.

இனி எடைக்கு வருவோம். உங்கள் சில்வர் ஓக் குருவி வடக்கே போக வேண்டியது. பச்சைக் கதிர்குருவி இமயத்தையும் தாண்டி, சைபீரியாவரை கூடு வைக்கும் இனம். டிக்கெல் கதிர்குருவி இமயத்துக்கும் திபெத் பீடபூமிக்கும் போகிறது. பிளைத் நாணல் கதிர்குருவி பின்லாந்து முதல் சைபீரியா வரை. கோத்தகிரியிலிருந்து வடக்கே போக வேண்டிய ஒன்று கிழக்கே இறங்கிக் கடற்கரைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. கோடியக்கரைக் காட்டில் பங்குனியில் வரும் சிறு பறவைகளில் கணிசமானவை இலங்கையில் குளிர்காலம் கழித்துப் பாக் நீரிணையைக் கடந்து வருபவை. ஆறுமணிக்குருவி அதற்கு நல்ல உதாரணம். கடலைக் கடந்து களைத்து இறங்கிய பறவையின் எடையும், இன்னும் கிளம்பாமல் தின்றுகொண்டிருக்கும் மலைப் பறவையின் எடையும் ஒரே இனமாக இருந்தாலும் இரண்டு வேறு கேள்விக்கு விடை. ஒன்று பயணத்தில் என்ன செலவானது என்று சொல்லும், மற்றது கையிருப்பு எவ்வளவு என்று சொல்லும்.

எடையை ஒப்பிட வேண்டுமானால் இனம், இறக்கை நீளம், மணி மூன்றும் கூடவே வேண்டும். நீளமான இறக்கை உள்ள பறவைக்கு உடம்பும் பெரிது. அதே குருவி விடிகாலைக்கும் சாயங்காலத்துக்கும் இடையே எடையில் பத்தில் ஒரு பங்கு வரை மாறலாம். மணி எழுதாத எடை வீண்.


உப்பளத்து உள்ளான் (இப்போது ஊட்டி)

சோலையோரம் சார் மலைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார், கரைப் பக்கத்தை நான் சொல்கிறேன். அங்கே இரண்டு வேலை தனித்தனியாக நடக்கும். பாலை மரக்காட்டில் விடிகாலை மிஸ்ட் நெட், சிறு பறவைகளுக்கு. உப்பளத்திலும் சதுப்பிலும் உள்ளான், உப்புக்கொத்தி. இவற்றுக்கு அமாவாசையை ஒட்டிய இருட்டு ராத்திரியில் பெரிய கண் வலை, பகலில் கண்ணி. கண்ணி வைப்பதில் பீகாரின் மிர்ஷிகார்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். நம் நாட்டு வளையமிடும் வேலையில் அவர்கள் கைத்திறனுக்குப் பெரிய பங்கு உண்டு. முகாமில் அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள், வாயால் கேட்டு வராது.

முதல் நாள் உங்களைப் பறவையைத் தொட விடமாட்டார்கள். எழுத வைப்பார்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள், முகாமில் நடக்கும் தவறுகளில் பாதி எழுதுபவர் காதில் நடப்பது. வளையமிடுபவர் எண்ணைச் சொன்னதும் நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் வளையத்தைப் பார்த்து ஒப்ப வேண்டும். ஒரு வளையம் கீழே விழுந்து தொலைந்தால் அந்த எண்ணுக்கு எதிரே 'தொலைந்தது' என்று உடனே எழுதுங்கள். விட்டால் அடுத்த ஐம்பது பறவைக்கும் எண் ஒன்று தள்ளிப்போகும்.

பையைப் பற்றி ஒரு சொல். பருத்தித் துணி, சின்னப் பறவைக்குச் சுமார் 15-க்கு 20 சென்டிமீட்டர், தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே பிசிறு இருந்தால் பறவையின் விரலில் சுற்றிக்கொள்ளும். ஒரு பைக்கு ஒரு பறவை. எச்சம் பட்ட பையைத் துவைக்காமல் மறுபடி எடுக்காதீர்கள். பையைத் தரையில் வைக்கக் கூடாது, யாராவது மிதிப்பார்கள். இதில் 'யாராவது' என்பது பெரும்பாலும் புதிதாக வந்தவர்.

பிடிக்கும் முறை: பறவையின் முதுகு உள்ளங்கையில் படிய, கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே. மற்ற விரல்கள் கூண்டு மாதிரி சும்மா சுற்றி நிற்கும். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. கழுத்தை இறுக்குவோமோ என்று பயந்து மார்பைப் பிடிப்பவர்கள்தான் பறவையைக் கொல்வது. அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கண் பாதி மூடினாலோ, இறகு சிலிர்த்துக்கொண்டாலோ எடுத்த அளவு போதும், விட்டுவிடுங்கள்.

வலையிலிருந்து எடுக்கும்போது முதல் கேள்வி, எந்தப் பக்கத்திலிருந்து புகுந்தது என்பது. புகுந்த பக்கம் நின்று, பறவை தொங்கும் வலைத் தொய்வைத் திறந்தால் வயிற்றுப் பக்கம் நூல் இல்லாமல் தெரியும். கால் முதலில், பிறகு இறக்கை, தலை கடைசி. நூல் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் இழுக்காமல் கூப்பிடுங்கள். கூப்பிட வெட்கப்படுபவர் முகாமுக்கு ஆபத்து. இரண்டு மூன்று நூலை அறுக்க வேண்டி வந்தால் அறுங்கள், வலை மலிவு.

வலை அடியில் தரைக்கு மேல் ஒரு முழமாவது இடைவெளி இருக்கட்டும், பறவை விழுந்து தொங்கினாலும் தரையைத் தொடக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை சுற்று. வெயில் ஏறினால் பதினைந்து நிமிடம், அதற்கும் மேல் ஏறினால் மூடல். கோடியக்கரையில் ஏப்ரல் காலை ஒன்பது மணிக்கே இந்தக் கட்டம் வந்துவிடும்.

இப்போது கொழுப்பு. பறவையை மல்லாக்கப் பிடித்து, ஸ்ட்ரா வழியாக மெல்ல ஊதினால் இறகு விலகித் தோல் தெரியும். தோல் ஒளி ஊடுருவும், அடியில் இருப்பது நிறமாகவே தெரியும்: தசை கருஞ்சிவப்பு, கொழுப்பு மஞ்சள். முதலில் கழுத்தடியில் கவட்டை எலும்பின் இரு கிளைக்கு நடுவே உள்ள குழி, அடுத்தது வயிறு. குழி வெறும் சிவப்பாக இருந்தால் 0. மஞ்சள் தெரிகிறது, ஆனால் குழி இன்னும் குழியாகவே இருக்கிறது, வயிற்றில் குடல் வளையம் தெரிகிறது என்றால் 2, 3 என்ற இடம். குழி மட்டமாக நிரம்பி, குடல் மறைந்தால் 4. மேடாகப் புடைத்தால் 5. மார்புத் தசையின் ஓரத்தில் ஏற ஆரம்பித்தால் 6. தசை கண்ணுக்கே தெரியாமல் மூடிவிட்டால் 8. இலங்கையிலிருந்து வந்து இப்போதுதான் இறங்கிய குருவியில் 0, 1 பார்ப்பீர்கள், மார்பெலும்பு கத்தி மாதிரி துருத்தியிருக்கும். தசைக்குத் தனியாக 0 முதல் 3 வரை எண் உண்டு, அதைக் கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் தடவிப் போடுவார்கள்.

இருவர் போட்டால் ஒரே எண் வருமா என்று கேட்டீர்கள். வராது, முதல் இருபது பறவைக்கு. ஒரே பறவையை இருவரும் பார்த்து, சொல்லாமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். ஒருவர் எப்போதும் ஒரு எண் கூட வைக்கிறார் என்று தெரிந்துவிட்டால் அதுவும் பரவாயில்லை, பதிவில் பார்த்தவர் பெயர் இருந்தால் பிறகு சரிசெய்யலாம். ஒரு நாள் கூடுதலாகவும் மறுநாள் குறைவாகவும் வைப்பவரைத்தான் சரிசெய்ய வழியில்லை.

ஏன் இந்த மஞ்சளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி என்றால், ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 39 கிலோஜூல் ஆற்றல். அதே எடை ஈரத் தசையை எரித்தால் அதில் ஏழெட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். பறக்கும் உயிருக்கு இதைவிடச் சிக்கனமான மூட்டை கிடையாது.

உள்ளான்களில் இந்த மாற்றம் இன்னும் பளிச்சென்று தெரியும். வளைமூக்கு உள்ளான் ஜனவரியில் சாம்பல், ஏப்ரலில் செங்கல் நிறம். கூடு வைப்பது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் பக்கம். ஏப்ரல் கடைசியில் பிடித்த ஒன்று இன்னும் சாம்பலாக, கொழுப்பு இல்லாமல் இருந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் பிறந்தவற்றில் பல அந்தக் கோடைக்கு வடக்கே போவதே இல்லை, நம் கரையிலேயே தங்கிவிடும். அதனால்தான் கரையில் வயதைப் பார்க்காமல் கொழுப்புச் சராசரி போட்டால் கணக்கு கவிழும்.

நீளமான கால் உள்ள பறவைகளைப் பையில் மடக்கி வைத்தால் கால் மரத்துப்போய் நிற்க முடியாமல் சரியும். அவற்றுக்குத் துணி மூடிய பெட்டி, நிற்கும் உயரத்தில். விடும்போது காற்றில் எறியாமல் தரையில் நிறுத்தி, கை எடுத்து, அதுவாகப் போகும்வரை காத்திருங்கள். ராத்திரி என்றால் விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்துவிட்டுப் பிறகு விடுங்கள். நெற்றி விளக்கு வெளிச்சத்திலிருந்து நேராகப் போனால் கம்பத்தில் மோதும்.


கூக்கல்காரர், பழனி மலை

இருவரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். சில திருத்தம், சில கூடுதல்.

தரைக்கு மேல் ஒரு முழம் என்பது திறந்த மண்ணுக்குச் சரி. உண்ணிச்செடி, முள்ளிப்பழச் செடி, தேயிலை இருக்கும் இடத்தில் செடியின் தலையிலிருந்து அளக்க வேண்டும். மரத்தில் தொங்கும் தாடிப்பாசி வலையில் ஒட்டினால் ஒரு காலை முழுவதும் பிரிக்கலாம். சரிவில் வலை கட்டினால் மேலிருந்து கீழாக அல்ல, சரிவுக்குக் குறுக்கே. இல்லாவிட்டால் ஒரு முனை தலைக்கு மேல், மறுமுனை தரையில். இதெல்லாம் அனுமதி வாங்கிய குழுவோடு போகும் நாளுக்கு.

வளையம் மாட்டுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. வளைய அளவை இனத்தின் பெயரை வைத்து மட்டும் எடுக்காமல் கால் அளவியால் அளந்து உறுதிசெய்வார்கள். கதிர்குருவிக்கு உள்விட்டம் 2 மில்லிமீட்டர் சுற்று. இடுக்கியின் துளையில் வளையத்தை வைத்து முதலில் ஒரு அழுத்து, பிறகு வளையத்தைக் கால்வட்டம் திருப்பி, வாய் இடுக்கியின் பக்கவாட்டில் வரும்படி இன்னொரு அழுத்து. ஒரே அழுத்தில் முடித்தால் வாயில் மயிரிழை இடைவெளி நிற்கும், அதில் நூலும் நாரும் மாட்டும். ஒரு முனை மற்றதன் மேல் ஏறிவிட்டால் இன்னும் மோசம், உள்முனை காலை அறுக்கும். அப்போது இடுக்கியால் நெம்பக் கூடாது. வளையத்தின் இரு பக்கமும் மெல்லிய கம்பிச் சுருக்கை நுழைத்து எதிரெதிரே இழுத்துத் திறப்பார்கள், அல்லது அதற்கென்றே உள்ள விரிக்கும் இடுக்கி இருக்கும். இதை முகாமில் கற்றுக்கொள்ளாமல் வராதீர்கள். சரியாக மாட்டிய வளையம் காலில் தாராளமாகச் சுழலும், மேலும் கீழும் நகரும், ஆனால் மூட்டைத் தாண்டாது, பாதத்தில் இறங்காது.

உப்புநீரில் நிற்கும் பறவைக்கு மென்மையான அலுமினியம் தேய்ந்து எண்ணே அழிந்துவிடும். அதனால் கடினக் கலவை உலோகம் போடுவார்கள், பல இடங்களில் முழங்காலுக்கு மேலே போடுவார்கள், அங்கே சேறு குறைவாகப் படும்.

கையில் இருக்கும் நாணல் கதிர்குருவியைப் பிரிக்க நிறத்தை நம்பாதீர்கள். இறக்கையை விரித்து வெளி ஓரத்திலிருந்து எண்ணுங்கள். பிளைத் இனத்தில் மூன்றாம், நான்காம் முதன்மை இறகின் (இறக்கை நுனிப் பக்கத்து நீள இறகு) வெளி ஓரம் நடுவில் சட்டென்று குறுகியிருக்கும். இரண்டாம் இறகின் நுனி ஆறாம் ஏழாம் இறகுக்கு நடுவே அல்லது அதற்கும் உள்ளே முடியும். முதல் இறகு விரல்நகம் போலக் குட்டி, அதை எண்ணாமல் விட்டால் எல்லாம் ஒன்று தள்ளும். சில நாடுகளில் உள்ளிருந்து வெளியே எண்ணுவார்கள். முகாமில் எந்தப் பக்கமிருந்து என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதுக் குறி யூரிங் (ஐரோப்பிய வளையமிடும் அமைப்பு) எண்களில் இருக்கும். ஜனவரி 1-க்குப் பிறகு, போன வருடம் பிறந்தது 5, அதற்கும் முன் பிறந்தது 6. குளிர்கால இடத்திலேயே எல்லா இறகையும் மாற்றிவிட்ட பறவையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, அதற்கு 4. தெரியாத இடத்தில் 4 போடுவது கௌரவக் குறைவல்ல, 6 போட்டு மாட்டிக்கொள்வதுதான்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: வட அமெரிக்க வளையமிடும் குழுக்களின் பதிவுகளை வைத்து 2012-இல் வந்த ஆய்வில், வலையில் பிடித்தவற்றில் காயம் 0.59 சதவீதம், சாவு 0.23 சதவீதம். தேர்ந்த கைகளின் எண் அது. நானூற்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்குக்கு உட்பட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று ஒவ்வொரு வலைக்கும் பதில் இருக்க வேண்டும். 1960-களில் பிஎன்ஹெச்எஸ்ஸும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து பெரிய அளவில் பிடித்தபோது கேள்வி தெளிவாக இருந்தது: குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளை வலசைப் பறவைகள் சுமந்து வருகின்றனவா? சாம்பல்வாலாட்டியின் கேள்வி 'எப்போது கிளம்புகின்றன' என்பது. அதற்கு வலையே வேண்டாம்.

பச்சைக் கதிர்குருவி குளிர்காலம் முழுக்க ஆளுக்கொரு மரக்கூட்டத்தைத் தன் எல்லையாகக் காக்கும். அடுத்த வருடம் அதே இடத்துக்குத் திரும்பும் பறவைகளும் உண்டு. ஆக ஒரு நிலையான பாதையில் நடந்து எத்தனை எல்லையில் இன்னும் ஆள் இருக்கிறது என்று எண்ணினாலே கிளம்பும் வேகம் தெரிந்துவிடும். கோத்தகிரியில் 500 மீட்டர் பாதை ஒன்று, பிப்ரவரி 15 முதல் வாரம் இருமுறை, சூரியன் எழுந்து அரை மணிக்குள் தொடக்கம், முழுப் பட்டியல், நடந்த நிமிடம். மார்ச்சில் இவை பாட ஆரம்பிக்கும், அதையும் குறியுங்கள். பாடும்போது கண்டுபிடிப்பது எளிது, அதனால் எண்ணிக்கை கூடிய மாதிரி தெரியும், உண்மையில் கூடியிருக்காது. பெரிய அலகு கதிர்குருவியைக் குரலால் மட்டும் பிரியுங்கள்: இரண்டு ஸ்வரம், இரண்டாவது மேலே ஏறும். இறக்கைப் பட்டை இந்த மாதத்தில் தேய்ந்துபோய் ஏமாற்றும்.

'கடைசியாகப் பார்த்த தேதி' என்று ஒற்றைத் தேதி தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிகம் நடந்தவருக்குக் கடைசித் தேதி தள்ளித்தான் வரும். ஒன்றும் காணாத நடையையும் இபேர்டில் (பறவைப் பட்டியல் ஏற்றும் இணையதளம்) ஏற்றினால்தான் எண்ணிக்கை வளைவு கீழே இறங்கும். பறவை போனதும் பட்டியல் போடுவதை நிறுத்திவிடுவது நம் ஊர்ப் பழக்கம்.


சாம்பல்வாலாட்டி, கோத்தகிரி

மூவருக்கும் நன்றி. வலை யோசனையை விட்டுவிட்டோம், பாதை குறித்தாகிவிட்டது. இரண்டு சின்ன சந்தேகம். முகாமுக்கு நாங்களே ஒரு டிஜிட்டல் தராசு கொண்டு போகலாம் என்றார்கள். 0.1 கிராம் போதுமா, 0.01 வேண்டுமா? காலில் வளையத்தோடு ஒரு பறவை தென்பட்டால், அல்லது சாலையில் செத்துக் கிடந்தால் என்ன செய்வது?


உப்பளத்து உள்ளான் (இப்போது ஊட்டி)

0.1 போதும். 0.01 தராசு காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், எந்த எண்ணை எழுதுவது என்று சண்டை வரும். தராசை மட்டமான பலகையில், மூன்று பக்கம் அட்டை மறைப்புக்குள் வையுங்கள். பறவையைத் தலைகீழாக ஒரு குழாயில் நுழைத்து நிறுத்துவார்கள். கதிர்குருவிக்குப் பழைய ஃபிலிம் டப்பா அளவு போதும், இருட்டில் அசையாமல் இருக்கும். ஒவ்வொரு பறவைக்கும் முன் காலி டப்பாவை வைத்துப் பூஜ்யம் செய்யுங்கள், முந்தின பறவை எச்சம் போட்டிருந்தால் அதுவே 0.2 கிராம். காலைக் குளிரில் பேட்டரி இறங்கினால் எண் மெல்ல நகரும். சோதிக்க 20 கிராம் எடைக்கல் வாங்குவது முறை. அவசரத்துக்குப் புது பத்து ரூபாய் நாணயம் சுமார் 7.7 கிராம், கிட்டத்தட்ட ஒரு கதிர்குருவி. ஐந்து பறவைக்கு ஒருமுறை அதை வைத்து 7.7 காட்டுகிறதா என்று பாருங்கள்.

கைக்கு இன்னொன்று. மலைக்காரர்கள் அட்டைக்குப் பயந்து காலிலும் கையிலும் மூக்குப்பொடி, புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு வருவீர்கள். கரையில் கொசுவுக்கு மருந்து பூசச் சொல்வார்கள். எதையும் கையில் வைத்துக்கொண்டு பறவையைத் தொடாதீர்கள். இறகின் எண்ணெய்ப் பூச்சும் போகும், தோலுக்கும் ஆகாது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.


கூக்கல்காரர், பழனி மலை

வளையத்தோடு உயிருள்ள பறவை என்றால் பிடிக்க முயல வேண்டாம். டெலஸ்கோப் அல்லது பெரிய லென்ஸ் கேமராவில் காலைச் சுற்றிப் பல கோணத்தில் படம் எடுங்கள். எண் வளையத்தைச் சுற்றி ஓடும், ஒரு படத்தில் முழுவதும் விழாது. நிற வளையம் இருந்தால் எந்தக் கால், மேலா கீழா, முழங்காலுக்கு மேலா கீழா என்பதை அப்போதே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் இடதும் வலதும் மாறும், பறவையின் இடது வேறு, நம் இடது வேறு.

செத்துக் கிடந்தால் எண்ணை முன்னெழுத்தோடு முழுதாக எழுதுங்கள், முன்னெழுத்து இல்லாத எண்ணால் பயன் இல்லை. நம் நாட்டு வளையத்தில் பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், வெளிநாட்டு வளையமாக இருந்தாலும் அவர்களுக்கே அனுப்பலாம். எண் தேய்ந்து தெரியவில்லை என்றால் சுரண்டாதீர்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள், சாய்வாக ஒளி அடித்துப் படம் எடுங்கள். கிடைத்த இடம், தேதி, செத்து எத்தனை நாள் இருக்கும் என்ற மதிப்பீடு, எதனால் செத்தது போலத் தெரிகிறது என்பது. காரில் அடிபட்டதா, பூனை பிடித்ததா, கண்ணாடி ஜன்னலில் மோதியதா என்று ஒரு வரி போதும். வெறும் கையால் எடுக்காமல் பிளாஸ்டிக் பையைக் கையுறை மாதிரி மாட்டி எடுங்கள்.